பெரிய டேட்டா கோப்புக்கு எந்த எடிட்டர்? சேமித்துப் பார்த்தால்தான் தெரியும்

மூன்று ஜிபி சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் புலங்களைப் பிரித்த அட்டவணை) டபுள் கிளிக் செய்தால் என்ன ஆகும் என்பது டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஜன்னல் வெளுத்துப்போய் நிற்கும், ஃபேன் இரையும், மவுஸ் நகராது. அடுத்து எல்லோரும் கேட்பது, 'இதைத் திறக்க எந்த எடிட்டர் நல்லது?' இந்தக் கேள்வி பாதி தூரம்தான் போகிறது. திறந்து காட்டுகிற எடிட்டர்களுக்கு இன்றைக்குப் பஞ்சமில்லை. திறந்து, ஓர் எழுத்தை மாற்றி, சேமித்த பிறகு, அந்த ஓர் எழுத்தைத் தவிர மற்றதெல்லாம் போட்டது போட்டபடி இருக்கிறதா என்று பார்த்தால் பட்டியல் மளமளவென்று சுருங்கிவிடும். தேர்வை அங்கிருந்து தொடங்குவதுதான் லாபம். அதற்கு ஓர் உரைகல் வேண்டும்.

பத்து கோடி வரி

உண்மையான டேட்டாவை வைத்து எடிட்டரைச் சோதிக்காதீர்கள். எது மாறியது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும். லினக்ஸ் டெர்மினலில் சீக் என்றொரு கட்டளை இருக்கிறது. எஸ், இ, க்யூ என்று மூன்றே எழுத்து. எண்களை வரிக்கு ஒன்றாக அச்சிடுவது மட்டும்தான் அதன் வேலை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் நிறுவியிருந்தால் அங்கேயும் கிடைக்கும். 1 முதல் 10,00,00,000 வரை ஓடவிட்டு, வெளியீட்டை ஒரு கோப்புக்குள் திருப்பிவிடுங்கள். சில விநாடிகளில் பத்து கோடி வரிகள் கொண்ட கோப்பு தயார். அதன் அளவு மிகச் சரியாக 88,88,88,898 பைட். மறக்கவே முடியாத எண். மேக்கில் இருக்கும் சீக், பெரிய எண்களை அடுக்குக்குறி வடிவத்தில் எழுதிவிடக்கூடும். அங்கே வடிவத்தை முழு எண் என்று தனியாகக் குறிப்பிட வேண்டும். அளவைப் பார்த்தாலே தப்பு தெரிந்துவிடும்.

இந்தக் கோப்பில் வரி எண்ணும் வரியில் உள்ள எண்ணும் ஒன்றே. 7,65,43,210-ஆவது வரிக்குப் போகச் சொன்னால் திரையில் 76543210 நிற்க வேண்டும். வேறெது நின்றாலும் வரி எண்ணுவதில் எடிட்டர் கோட்டை விட்டிருக்கிறது என்று பொருள். தேடலுக்கு 99999999 என்று கொடுங்கள். அது கோப்பில் ஒரே ஓர் இடத்தில், கடைசிக்கு முந்தைய வரியில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே எடிட்டர் ஏறக்குறைய முழுக் கோப்பையும் துழாவியே ஆக வேண்டும். அதற்கு ஆகும் நேரம்தான் உங்கள் கணினியில் அந்த எடிட்டரின் உண்மையான தேடல் வேகம்.

பிறகுதான் முக்கியமான கட்டம். நடுவில் ஏதோ ஒரு வரியில் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றிச் சேமியுங்கள். அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 98,88,88,898 ஆகியிருந்தால், ஒவ்வொரு வரி முடிவிலும் விண்டோஸ் பாணியில் இன்னொரு பைட்டைச் சேர்த்துவிட்டது. பத்து கோடி வரிக்குப் பத்து கோடி பைட். மூன்று பைட் மட்டும் கூடியிருந்தால் கோப்பின் தலையில் எழுத்துக் குறிமுறையைச் சொல்லும் பிஓஎம் என்ற அடையாளத்தை ஒட்டியிருக்கிறது (239, 187, 191 என்ற மூன்று பைட்டுகள்). அதன் விளைவு சிஎஸ்வியில் விசித்திரமாக இருக்கும்: முதல் நெடுவரிசையின் பெயர் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், நிரல் மட்டும் 'அப்படியொரு நெடுவரிசையே இல்லை' என்று சாதிக்கும். ஒரு பைட் குறைந்திருந்தால் கடைசி வரியின் முடிவுக்குறி போயிருக்கிறது. 1,77,77,77,798 என்று இரண்டு மடங்கைவிட இரண்டு பைட் கூடுதலாக இருந்தால், ஆங்கில எழுத்துக்கும் இலக்கத்துக்கும்கூட இரண்டு பைட் எடுக்கும் யூடிஎஃப்-16 குறிமுறையில் சேமித்திருக்கிறது. அளவு மாறாமல் இருந்தாலும் நம்பிவிடாமல், சிஎம்பி கட்டளைக்கு மைனஸ் எல் என்ற விருப்பத்தைக் கொடுத்துப் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிடுங்கள். மாறிய பைட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காட்டும். ஒரே ஒரு வரி வந்தால் தேர்ச்சி.

சேமிக்கும்போது டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதையும் ஒரு கண் பாருங்கள். பல எடிட்டர்கள் முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றும். பாதுகாப்பான வழிதான். ஆனால் 40 ஜிபி கோப்புக்கு இன்னொரு 40 ஜிபி காலியிடம் வேண்டும். நேரடியாக மேலெழுதுகிற எடிட்டரில் இடப் பிரச்சினை இல்லை. பாதியில் மின்சாரம் போனால் கோப்பும் பாதிதான்.

ரேம் எங்கே போகிறது

'என்னிடம் 8 ஜிபி ரேம் இருக்கிறது, கோப்பு 2 ஜிபிதானே' என்ற கணக்கு ஏன் பொய்க்கிறது என்பதற்கு நம் உரைகல்லே சாட்சி. டிஸ்க்கில் அது சுமார் 0.89 ஜிபி. எழுத்துகளை உள்ளுக்குள் இரண்டிரண்டு பைட்டாக வைத்துக்கொள்ளும் எடிட்டரில் திறந்தவுடனேயே 1.78 ஜிபி. எந்த வரி எங்கே தொடங்குகிறது என்று நினைவில் வைக்க வரிக்கு 8 பைட் என்றால் இன்னும் 0.8 ஜிபி. ஆக, ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் 2.6 ஜிபி போய்விட்டது. இதற்கு மேல் நிறம் பூசுவதற்கான கணக்கு, அன்டூ வரலாறு. பத்து கோடி வரியில் 'எல்லாவற்றையும் மாற்று' என்று அழுத்தினால் அன்டூவுக்காக மட்டும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்க வேண்டியிருக்கும். திறக்கும்போது தாக்குப்பிடித்த எடிட்டர் பெரும்பாலும் உயிரை விடுவது இங்கேதான்.

வரி குட்டையாக இருக்க இருக்க இந்தக் கூடுதல் செலவு விகிதத்தில் ஏறும். ஒரே 2 ஜிபி அளவில் ஒரு பதிவேட்டுக் கோப்பு (லாக்) சுகமாகத் திறந்து, எண்கள் மட்டுமுள்ள கோப்பு திணறினால் ஆச்சரியப்பட வேண்டாம். போகிற போக்கில் ஒன்று: தமிழ் உரை யூடிஎஃப்-8இல் கோட் பாயின்ட்டுக்கு (யூனிகோட் ஒவ்வொரு குறிக்கும் தரும் எண்) மூன்று பைட் எடுக்கும், யூடிஎஃப்-16இல் இரண்டுதான். ஆகவே ஆங்கில உரை உள்ளே போய் இரட்டிப்பாகும் அதே எடிட்டரில் தமிழ் உரை இளைக்கும்!

எடிட்டர்கள் இரண்டு சாதி

முழுக் கோப்பையும் ரேமுக்குள் இழுத்துப் போடுபவை ஒரு வகை. நோட்பேட் பிளஸ் பிளஸ், சப்லைம் டெக்ஸ்ட், விஎஸ் கோட், விம், ஈமேக்ஸ் எல்லாம் இதில் அடக்கம். கோப்பு டிஸ்க்கிலேயே இருக்க, கண்ணுக்குத் தேவையான துண்டை மட்டும் எடுத்துக் காட்டுபவை மறு வகை. லெஸ், கிளாக், எம்எடிட்டர், ஈமேக்ஸின் விஎல்எஃப் தொகுப்பு ஆகியவை இப்படி. முதல் வகைக்கு ஒரு கட்டைவிரல் கணக்கு: காலியாக உள்ள ரேமில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கோப்பு இருந்தால் அதில் திருத்தும் வேலையைத் தொடங்காதீர்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பாதி வரை துணியலாம்.

விஎஸ் கோட் 2018-இல் உரையை உள்ளே வைத்திருக்கும் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை வரிகளின் வரிசையாக வைத்திருந்தது. பிறகு மூலக் கோப்பின் பெரிய துண்டுகளை அப்படியே வைத்து, மாற்றங்களைத் தனியே குறித்துக்கொள்ளும் பீஸ் ட்ரீ அமைப்பு வந்தது. நினைவகச் சுமை கணிசமாகக் குறைந்தது அதனால்தான். கோப்பு 20 எம்பியையோ மூன்று லட்சம் வரியையோ தாண்டினால் நிறம் பூசுவது, வரி மடிப்பது, தொகுப்பை மடக்குவது ஆகியவற்றை அதுவே நிறுத்திவிடும். 'நிறமே வரவில்லை' என்று சிலர் லார்ஜ் ஃபைல் ஆப்டிமைசேஷன்ஸ் அமைப்பைத் தேடிப்பிடித்து அணைக்கிறார்கள். சொந்தச் செலவில் சூனியம். இன்னொன்று, 50 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை அது எக்ஸ்டென்ஷன்களுக்குக் கொடுப்பதில்லை. சிஎஸ்வியை நெடுவரிசை வாரியாக வண்ணமிடும் எக்ஸ்டென்ஷனை நம்பிப் பெரிய கோப்பைத் திறந்தால் வெறும் வெள்ளைத் தாள்தான்.

நோட்பேட் பிளஸ் பிளஸில் முதலில் பார்க்க வேண்டியது, அது 32 பிட்டா 64 பிட்டா என்பது. எப்போதோ நிறுவிய 32 பிட் பதிப்பு பல கணினிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது; கணினியில் எத்தனை ரேம் இருந்தாலும் அதற்கு எட்டாது. புதிய பதிப்புகளின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பெரிய கோப்புக் கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது. இயல்பாக 200 எம்பிக்கு மேல் செயல்படும். 100 ஆகக் குறைத்து வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி. சேமிக்காத மாற்றங்களைத் தானாகக் காப்பாற்றும் பேக்கப் வசதி இயல்பாக 7 விநாடிக்கு ஒருமுறை ஓடும். சிறிய கோப்பில் வரப்பிரசாதம். ஒரு ஜிபி கோப்பில் அதை அணைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

விம் பழகியவர்கள் விம்மிலேயே இருக்கலாம், ஆனால் ஆடை ஆபரணங்களைக் கழற்றிவிட்டு. தொடங்கும்போதே மைனஸ் யூ கொடுத்து, பக்கத்தில் பெரிய எழுத்தில் நன் என்று எழுதினால் உங்கள் அமைப்புகளும் பிளகின்களும் ஏறாது. மைனஸ் என் கொடுத்தால் மீட்புக்கான ஸ்வாப் கோப்பு எழுதாது. வேகம் கூடும், விம் செத்தால் மாற்றங்களும் சாகும். அன்டூ நிலைகளை மைனஸ் ஒன்றாக வைத்தால் அன்டூ முழுதும் நின்று ரேம் மிஞ்சும். மைனஸ் பி என்ற பைனரி முறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் சேமித்தால், கடைசி வரியில் முடிவுக்குறி இல்லாத கோப்புக்கு விம் தானாக ஒன்றைச் சேர்க்கும். சரிபார்ப்புத் தொகை (செக்சம்) ஒத்துப்போகவில்லை என்று எதிர்ப்பக்கம் கோப்பைத் திருப்பி அனுப்ப அந்த ஒரு பைட் போதும்.

ஈமேக்ஸ் 10 எம்பிக்கு மேல் 'பெரிய கோப்பு, திறக்கவா?' என்று கேட்கும். அந்தக் காலத்து எச்சரிக்கை, வரம்பை உயர்த்திவிடுங்கள். சப்லைம் டெக்ஸ்ட் திறக்கும்போது முன்னேற்றப் பட்டை காட்டுகிறது, உறைவதில்லை, அதுவே ஆறுதல். மற்றபடி ரேம் கணக்கு அதற்கும் அதேதான்.

விண்டோஸில் பத்து, இருபது ஜிபி கோப்பைத் திருத்துவதே அன்றாட வேலை என்றால் எம்எடிட்டரைப் பாருங்கள். 16 டிபி வரை திறக்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். பெரிய கோப்பைத் தற்காலிகக் கோப்புறையின் உதவியோடு கையாளுவதால், அந்தக் கோப்புறை எந்த டிரைவில் இருக்கிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கும். கோப்பு வேகமான எஸ்எஸ்டியில் இருந்து, தற்காலிகக் கோப்புறை பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் எடிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அமைப்புகளில் அந்தப் பாதையை மாற்றலாம்.

லெஸ் எடிட்டர் அல்ல. ஆனால் 'பெரிய கோப்பைத் திறக்க வேண்டும்' என்று வருகிற தேவைகளில் பெரும்பாலானவற்றுக்குத் திருத்தமே வேண்டாம். என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். அதற்கு லெஸ்தான் அரசன். 40 ஜிபி கோப்பும் கண் சிமிட்டும் நேரத்தில் திறக்கும், ஏனென்றால் முதல் திரைக்குத் தேவையானதை மட்டுமே படிக்கிறது. மைனஸ் பெரிய எஸ் கொடுத்தால் நீளமான வரிகள் மடியாமல் வலப்பக்கம் நீண்டு நிற்கும், அம்புக்குறியால் நகர்த்தலாம். பெரிய ஜி அழுத்திக் கடைசிக்குப் போகும்போது வரி எண்களைக் கணக்கிடுவதாகச் சொல்லிக்கொண்டு நின்றால், கன்ட்ரோல் சி அழுத்துங்கள். கணக்கை விட்டுவிட்டு இடத்தைக் காட்டும். மைனஸ் சிறிய என் கொடுத்தே திறந்தால் அந்தத் தொல்லையே இல்லை. 50 என்று தட்டி, பெர்சன்ட்டின் முதல் எழுத்தான பி அழுத்தினால் கோப்பின் நடுவே போய் நிற்கும். ஆம்பர்சண்ட் குறி போட்டு ஒரு சொல்லைத் தட்டினால் அது உள்ள வரிகள் மட்டும் தெரியும். பதிவேட்டுக் கோப்பைச் சுட்டியோடு மேய விரும்புகிறவர்களுக்கு கிளாக். தேடல் முடிவுகளைக் கீழே தனிச் சட்டகத்தில் காட்டும், திருத்த விடாது. திருத்த விடாததை ஒரு வசதியாகவே எண்ணலாம்.

ஒரே வரி, ஒரு ஜிபி

பத்து கோடி வரிச் சோதனையில் தேறிய எடிட்டரை அடுத்து இதில் இறக்குங்கள்: டிஆர் கட்டளையால் வரி முடிவுகளையெல்லாம் காற்புள்ளியாக மாற்றினால் அதே 88,88,88,898 பைட், ஆனால் ஒரே வரி. முதலில் தேறியவற்றில் பல இதில் மண்ணைக் கவ்வும். காரணம், எடிட்டர்கள் உரையை வரி வரியாகவே யோசிக்கின்றன. ஒரு திரை வரைவதற்கு ஐம்பது வரி போதும் என்பது அவற்றின் அடிப்படை நம்பிக்கை. அந்த ஒரு வரியே 89 கோடி எழுத்து என்றால், ஒரு திரை வரையவே முழுக் கோப்பையும் அளக்க வேண்டியதாகிறது. வரி மடிப்பு ஆனில் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது வெறும் வம்புச் சோதனை அல்ல. வெற்றிடம் நீக்கிய ஜேசன் கோப்பு (நிரல்கள் டேட்டாவைப் பரிமாறும் உரை வடிவம்) இப்படித்தான் வரும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸை உரையாக இறக்கிய டம்ப்பிலும் இதே கதைதான். ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரே இன்சர்ட் வரியில் அடுக்கிவிடும். டம்ப் எடுப்பது உங்கள் கையில் இருந்தால், ஸ்கிப் எக்ஸ்டெண்டட் இன்சர்ட் விருப்பத்தைக் கொடுத்து வரிக்கு ஒரு பதிவாக எடுங்கள். கோப்பு பெரிதாகும், மீண்டும் ஏற்றும் நேரமும் கூடும். ஆனால் எந்த எடிட்டரிலும் மூச்சுவிடும். ஜேசனை ஜேக்யூ என்ற கருவி வழியாக அனுப்பி வரிக்கு ஒரு பொருளாகப் பிரித்துக்கொள்ளலாம். முழுக் கோப்பையும் ரேமில் ஏற்றும் பழக்கம் ஜேக்யூவுக்கும் உண்டு என்பதால் மிகப் பெரியதற்கு ஸ்ட்ரீம் விருப்பம் தேவைப்படும். எடிட்டர் பக்கத்தில் ஈமேக்ஸ் இதில் வெகுதூரம் வந்திருக்கிறது: 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பில் சோ-லாங் முறை சேர்ந்தது, 2023-இல் வந்த 29-இல் நீண்ட வரிகளுக்கான வேகம் அடித்தளத்திலேயே மேம்பட்டது.

எழுத்துக் குறிமுறையில் கெட்டால் மீளாது

மேலே சொன்னவற்றில் பல, கோப்பு திறக்கவில்லை என்ற அளவில் நிற்கும். குறிமுறைத் தவறு அப்படியல்ல, கோப்பையே கெடுத்துவிடும், அதுவும் சத்தமில்லாமல்.

'க' என்ற எழுத்து யூடிஎஃப்-8இல் 224, 174, 149 என்ற மூன்று பைட். 5 ஜிபி தமிழ்க் கோப்பைப் பகுதி பகுதியாகத் திருத்தலாம் என்று ஸ்ப்ளிட் கட்டளைக்கு மைனஸ் சிறிய பி கொடுத்து 500 எம்பித் துண்டுகளாக வெட்டினால், வெட்டு இந்த மூன்றின் நடுவிலும் விழலாம். முதல் துண்டு 224-இல் முடியும், அடுத்தது 174-இல் தொடங்கும். அந்தத் துண்டுகளைத் திறக்கும் எடிட்டர் 'இது செல்லாத பைட்' என்று கண்டு, அதன் இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட மாற்றுக்குறியை வைக்கும். அதுவரை ஆபத்தில்லை. சேமித்தவுடன் மூல பைட் போய், 239, 191, 189 என்ற மாற்றுக்குறியின் பைட்டுகள் கோப்பில் உட்கார்ந்துவிடும். துண்டுகளை மீண்டும் ஒட்டினாலும் அந்த 'க' திரும்பாது. எது இருந்த இடம் என்ற தடயமும் இருக்காது. மைனஸ் பெரிய சி கொடுத்தால் குனு ஸ்ப்ளிட் முழு வரிகளாகப் பார்த்து வெட்டும். வரி எண்ணிக்கையால் வெட்டும் மைனஸ் எல்லும் எழுத்தை உடைக்காது. சிஎஸ்வியில் மட்டும் இன்னொரு பொறி: மேற்கோள் குறிக்குள் வரி முறிவு உள்ள முகவரி, குறிப்பு போன்ற புலங்கள் இருந்தால் ஒரு பதிவு இரண்டு மூன்று வரிகளில் பரவி நிற்கும். வரி கணக்கில் வெட்டினாலும் பதிவு துண்டாகும். இதே காரணத்தால்தான் வரிகளை எண்ணும் கட்டளை காட்டும் எண்ணிக்கையும் டேட்டாபேஸில் ஏறிய பதிவுகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போவதில்லை.

ஆகவே திருத்தத் தொடங்கும் முன் அந்த மாற்றுக்குறியைத் தேடிப் பாருங்கள். எடிட்டரில் தெரிந்து, கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு மூலக் கோப்பில் தேடினால் கிடைக்கவில்லை என்றால், குறி எடிட்டர் வைத்தது. சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான குறிமுறையைத் தேர்ந்தெடுத்து மீண்டும் திறக்கவும்.

தமிழ்த் தேடலில் இன்னொன்று. 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுத முடியும்: க-வோடு ஒகரக் குறியை ஒரே கோட் பாயின்ட்டாகச் சேர்க்கலாம், அல்லது க, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பல மூலங்களிலிருந்து திரட்டிய கோப்பில் இரண்டும் கலந்திருக்கும். பெரும்பாலான எடிட்டர்களின் தேடல் பைட்டையோ கோட் பாயின்ட்டையோதான் ஒப்பிடும் என்பதால், 'கொடி' என்று தேடினால் பாதி சிக்கும், பாதி நழுவும். 'எல்லாவற்றையும் மாற்று' முடிந்தது என்று நம்பி இருப்போம். யூகான்வ் என்ற கருவியால் கோப்பை முதலில், பிரிந்த குறிகளை ஒரே கோட் பாயின்ட்டாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுவதே வழி.

சேமிக்கும்போது தானாக நடப்பவையும் இந்தக் கணக்கில்தான் வரும். வரிக் கடைசி இடைவெளிகளை நீக்குவது, டேபை இடைவெளியாக மாற்றுவது போன்றவை நிரல் எழுதுகிறவர்களுக்காக வந்த வசதிகள். டேபால் பிரித்த டேட்டா கோப்பில், கடைசிப் புலம் காலியாக உள்ள பதிவுகளின் டேபை இவை துடைத்துவிடும். அந்தப் பதிவுகளில் ஒரு நெடுவரிசை குறையும். டேட்டாவுக்கென்று தனி அமைப்பு வைத்து இவை அனைத்தையும் அணைத்துவிடுங்கள்.

எக்செல் டெக்ஸ்ட் எடிட்டர் இல்லைதான். ஆனால் சிஎஸ்வி என்றாலே அதில்தானே கை போகிறது. 10,48,576 வரிசைகளுக்கு மேல் அதில் இடமில்லை. மீதியை விட்டுவிட்டு ஏற்றியதை அப்படியே சேமித்தால் மீதி போனது போனதுதான். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் வரம்பு 65,536. 2020-இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் கணக்கில் சேராமல் போனது இந்த வரம்பால்தான். எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியம். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், முன்னால் நிற்கும் பூஜ்யங்கள் மறையும். மார்ச்1 என்ற மரபணுப் பெயரைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. எக்செல்லை மாற்றுவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது எளிது போலும்.

எடிட்டரே வேண்டாத இடம்

50,00,000-ஆவது வரியில் பிழை என்று டேட்டாபேஸ் சொன்னால், அதைப் பார்க்க முழுக் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. வரிகளை எடுக்கவும் மாற்றவும் உதவும் செட் கட்டளையில் மைனஸ் என் போட்டு, வரி வரம்பைக் கொடுத்து, பிரின்ட் என்பதன் பி சேர்த்தால் அந்தப் பகுதி மட்டும் வரும். வரம்பின் கடைசி வரி எண்ணோடு க்யூ ஒன்றையும் சேருங்கள். இல்லாவிட்டால் கேட்ட இருநூறு வரியைக் காட்டிய பிறகும், மிச்சமுள்ள ஜிபிக்களைக் கடைசிவரை படித்துவிட்டுத்தான் நிற்கும். கிரெப்பில் ஆங்கில எழுத்து, எண் மட்டும் தேடும்போது எல்சி ஆல் என்ற சூழல் மாறியைச் சி என வைத்து ஓட்டினால் பல சமயம் கண்கூடாக வேகம் பிடிக்கும்.

செட்டில் மைனஸ் ஐ போட்டால் 'அதே கோப்பில்' மாற்றுவதாகத் தோன்றும். உண்மையில் புதிய கோப்பை எழுதிப் பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. இடம் இரட்டிப்பாக வேண்டும். வேறொரு நிரல் அதே கோப்பில் எழுதிக்கொண்டிருந்தால், அது பெயரிழந்த பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். ஓடும் பதிவேட்டுக் கோப்பில் இதைச் செய்தால் அதற்குப் பிறகு வந்த பதிவுகள் எங்கே போயின என்று தேட வேண்டியிருக்கும்.

மாற்ற வேண்டியது அதே நீளம் என்றால், எடிட்டரும் வேண்டாம், நகலும் வேண்டாம். உரைகல் கோப்பிலேயே செய்து பாருங்கள். கிரெப்புக்கு மைனஸ் பி (பைட் என்பதன் பி), மைனஸ் ஓ இரண்டையும் கொடுத்து 76543210-ஐத் தேடினால், அது தொடங்கும் பைட் இடம் 677777778 என்று சொல்லும். கடைசி இலக்கமான 0 அதிலிருந்து ஏழு தள்ளி, 677777785-இல். அங்கே 9 வைக்க வேண்டும். பிரின்ட்எஃப் கட்டளையால் 9 என்ற ஒற்றை எழுத்தை, கோப்பில் குறித்த இடத்தில் எழுதக்கூடிய டிடி கட்டளைக்கு அனுப்புங்கள். எக்கோ வேண்டாம், அது கூடவே வரி முடிவையும் அனுப்பும். டிடியில் பிஎஸ் 1, கவுண்ட் 1, சீக் 677777785. இந்தச் சீக் எஸ், இ, இ, கே. கான்வ் என்பதற்கு நோட்ரங்க். இந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் எழுதிய இடத்தோடு கோப்பைத் துண்டித்துவிடும். மீதி 21 கோடி பைட் காணாமல் போகும். ஆகவே முதலில் நகலில் செய்து பழகுங்கள். கோப்பு 900 எம்பியானாலும் 400 ஜிபியானாலும் இந்த மாற்றத்துக்கு ஆகும் நேரம் ஒன்றுதான், ஏனென்றால் எழுதப்படுவது ஒரே பைட்.

முடிந்ததும் சிஎம்பி மைனஸ் எல் ஓட்டினால் ஒரே வரி வரும்: 677777786, 60, 71. இடம் ஒன்று கூடியிருக்கிறதே என்று பதற வேண்டாம்; கிரெப்பும் டிடியும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகின்றன, சிஎம்பி ஒன்றிலிருந்து. 60, 71 என்பவை எண்ம முறையில் 0, 9 என்ற இலக்கங்களின் குறிகள்.